பள்ளிக்கூடத்தின் வரைபடத்தை யார் வரைவது?

(தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பங்கு, தன் பழைய பள்ளிக்குப் புதிய கட்டடம் எழுப்ப முடிவெடுத்ததையொட்டி நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



புதிய கட்டடத்துக்கு எத்தனை வகுப்பறை வேண்டும், எத்தனை மாடி வேண்டும், சதுர அடிக்கு என்ன ஆகும் என்று பேசத்தான் என்னை அழைத்தீர்கள். அதைப் பேசுகிறேன். அதற்கு முன் நம் மாவட்டத்தின் தென்கோடியில் கட்டப்பட்ட வேறொரு கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பணகுடி, காவல்கிணறு பக்கம் இருக்கிற வடக்கன்குளம் உங்களில் பலருக்குத் தெரிந்த ஊர். மறைசாட்சி தேவசகாயம் 1745-இல் திருமுழுக்குப் பெற்ற ஊர். அவருக்கு 2022 மே 15 அன்று உரோமையில் புனிதர் பட்டம் கொடுத்தபோது இங்கிருந்து எத்தனையோ பேர் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள்.

அந்த ஊரில் 1870-களில் திருக்குடும்பத்துக்கு ஒரு பெரிய ஆலயம் எழுந்தது. அதன் அமைப்பு விசித்திரமானது. பீடம் ஒன்று, அந்தப் பீடத்தில் வந்து சேர்கிற நடுக்கூடங்கள் இரண்டு. மேலிருந்து பார்த்தால் கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இருக்கும். ஒரு காலில் வெள்ளாளர், இன்னொரு காலில் நாடார் முதலிய பிறர். இரண்டு பக்கத்திலிருந்தும் பீடத்தில் நிற்கும் குருவைப் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் இருப்பவர் மறுபக்கத்தில் இருப்பவரைப் பார்க்க முடியாது. கட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள். கேட்டவர்கள் கேட்டதை அப்படியே கட்டிக் கொடுத்தார்கள். 1910-இல் இயேசு சபையார் அந்தப் பிரிவினையை உடைத்து எடுத்தார்கள். வழக்கு நடந்தது. தனி இடம் எங்கள் உரிமை என்று கேட்டுப் போனவர்களின் கோரிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 1916-இல் ஏற்க மறுத்தது. மைக்கேல் பிள்ளை வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் அதை இன்றும் எடுத்துச் சொல்வார்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், 'மக்களின் தேவையை அறிந்து கட்ட வேண்டும்' என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் வடக்கன்குளத்திலும் தேவையை அறிந்துதான் கட்டினார்கள். அது யாருடைய தேவை, அதை வாய் திறந்து சொல்ல முடிந்தவர்கள் யார், சொல்ல முடியாமல் ஒதுங்கி நின்றவர்கள் யார் என்று கேட்காமல் போனதுதான் கோளாறு. ஆகவே இன்று நான் வைக்கிற கருத்து ஒன்றே ஒன்று. இந்தப் பள்ளியின் வரைபடம், இதுவரை எந்தக் கூட்டத்திலும் யாரும் கருத்துக் கேட்காதவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். பொறியாளரின் மேசை அதற்கு அப்புறம் வரட்டும்.

வடக்கன்குளத்துப் பிரிவினை உடைந்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, இன்னுமா பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். காரணம் சாதி. அதன் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதி வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும், பெயரின் அகரவரிசைப்படி மாணவர்களை உட்கார வைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. இந்திய ஆயர் பேரவையும் 2016 டிசம்பரில், திருச்சபைக்குள்ளேயே தலித் மக்களுக்கு எதிரான பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு, அதை ஒழிக்க ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. கட்டடம் கட்டுகிற பேச்சில் இதற்கு என்ன இடம் என்று கேட்கலாம். நிறைய இடம் இருக்கிறது.

அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொல்கிறார்கள். அறுபது பிள்ளைகளை அடைத்து, சுவரோடு சுவராக நீண்ட பெஞ்சுகளைப் போட்ட அறையில் இடம் மாற்றுவது எப்படி? பிள்ளைகள் முதல் நாள் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்களோ அங்கேயே வருடம் முழுக்க இருப்பார்கள். முதல் நாள் யார் பக்கத்தில் உட்காருவார்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும்: தன் தெருப் பிள்ளை பக்கத்தில். அறை அகலமாகவும், மேசைகள் தனித்தனியாகத் தூக்கி வைக்கக்கூடியவையாகவும் இருந்தால்தான் ஓர் ஆசிரியர் வாரத்துக்கு ஒரு முறை வகுப்பைக் கலைத்து அடுக்க முடியும். வாசலும் அப்படித்தான். மேலத்தெருவிலிருந்து வருகிறவர்களுக்குக் கிட்டத்தில் ஒரு கேட், காலனியிலிருந்து வருகிறவர்களுக்குக் கிட்டத்தில் பின்பக்கம் ஒரு கேட் என்று வசதிக்காக வைத்தால், பத்து வருடத்தில் அது இரண்டு பள்ளியாகிவிடும். பிள்ளைகள் தினமும் வந்து போக ஒரு வாசல் போதும். ஆபத்துக் காலத்தில் திறக்க வேண்டிய வழி வேறு. அதைப் பிறகு சொல்கிறேன். கைகழுவுகிற தொட்டி ஒரே நீளமாக இருக்கட்டும். சாப்பாட்டுக் கூடம் ஒன்றாக இருக்கட்டும். அவரவர் வகுப்பறை வராந்தாவில் வட்டம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கத்தில்தான் யார் யாரோடு சாப்பிடுவது என்ற வரிசை சத்தமில்லாமல் உருவாகிறது. சாதியைக் கட்டடம் ஒழித்துவிடாது. ஆனால் அது ஒளிந்துகொள்ள இடம் கொடுக்காமல் இருக்கலாம்.

இப்போது யாரிடம் கேட்பது என்பதற்கு வருகிறேன். சமையல் செய்கிற ஆயாம்மாவிடம் முதலில் கேளுங்கள். 1956-இல் காமராஜர் காலத்தில் மதிய உணவு வந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார், 2024 ஜூலை 15 அன்று காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அந்த விரிவாக்கம் தொடங்கியதே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில்தான், புனித அன்னாள் பள்ளியில். இரண்டு வேளைச் சோறு பள்ளியில் என்றாகிவிட்ட பிறகும், எத்தனை வரைபடங்களில் சமையலறை மூலையில் ஒரு சின்னக் கட்டமாகக் கிடக்கிறது! புகை எந்தப் பக்கம் போகிறது, அரிசி மூட்டை ஈரம் ஏறாமல் இருக்க எவ்வளவு உயரத்தில் மேடை வேண்டும், கொதிக்கிற சாம்பாரைத் தூக்கிக்கொண்டு எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் அந்த அம்மாவுக்குத்தான் தெரியும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் கருகியது சமையல் கொட்டகையில் பிடித்த தீ கூரைக்குப் பரவியதால்தான். அங்கே குழந்தைகள் தப்பி இறங்க அகலமான படிக்கட்டு இல்லை. அதை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்: சமையலறை வகுப்பறைகளிலிருந்து தள்ளி, காற்று போகிற திசையில் இருக்கட்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு கதவு, இரண்டும் வெளிப்பக்கம் திறக்கிறதாக வையுங்கள். படிக்கட்டு இரண்டு வேண்டும். ஆபத்துக்கென்று பின்பக்கம் வைக்கிற கதவுக்குப் பூட்டு வேண்டாம், உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற தாழ்ப்பாள் போதும்.

அடுத்து, கழிப்பறையைச் சுத்தம் செய்கிறவரிடம் கேளுங்கள். 2021 டிசம்பர் 17 அன்று நம் நெல்லை டவுனில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களைச் சோதித்தார்கள், பழுதானவற்றை இடித்தார்கள். கழிப்பறை என்றாலே 'கடைசியில் பார்த்துக்கொள்வோம்' என்று விடுகிற வழக்கத்துக்கு நாம் கொடுத்த விலை அது. தரையின் வாட்டம் எந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் எட்டுகிறதா, பெண் பிள்ளைகளின் அறைக்குள்ளேயே தண்ணீரும் குப்பைக் கூடையும் கொக்கியும் இருக்கிறதா என்று வரைபடத்திலேயே குறியுங்கள். இதைச் சுத்தம் செய்கிறவர் பிள்ளைகளாக இருக்கக் கூடாது, அதிலும் ஒரு குறிப்பிட்ட தெருவின் பிள்ளைகளாக இருக்கவே கூடாது. சம்பளம் வாங்கும் பணியாளர் ஒருவருக்கு, அவர் கைகால் கழுவி உடை மாற்ற ஓர் அறையும் சேர்த்துக் கட்டுவோம்.

பிறகு நம் தாய்மார்கள். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று நம் வட்டாரம் முழுக்கப் பீடி சுற்றுகிற பெண்கள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு இரவு வரை சுற்றினால்தான் மறுநாள் கடையில் கணக்குக் கொடுக்க முடியும். வீடு ஓர் அறை. அதே அறையில் புகையிலைத் தூளுக்கு நடுவில் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுகிறது. இந்தப் பிள்ளைக்கு இன்னொரு ஸ்மார்ட் வகுப்பறையைவிட, சாயங்காலம் ஆறு முதல் எட்டரை வரை விளக்கும் காற்றாடியும் ஒரு பெரியவரின் கண்காணிப்பும் உள்ள ஒரு கூடம் அவசரம். அப்படியானால் அந்தக் கூடம் எங்கே இருக்க வேண்டும்? மாடியில், உள்ளே தள்ளி இருந்தால் வாட்ச்மேன் மொத்தப் பள்ளியையும் திறந்து வைக்க வேண்டும். தெருவை ஒட்டி, தனிச் சாவியோடு, தெரு விளக்கின் வெளிச்சம் விழுகிற இடத்தில், தரைத்தளத்தில் இருந்தால் தாய் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். பகலில் அது நூலகம். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு. மாதத்தில் ஒரு நாள் மருத்துவ முகாம், தேர்தலில் வாக்குச்சாவடி. ஒரே அறையை ஐந்து விதமாகப் பயன்படுத்த முடியும், இடம் சரியாக இருந்தால். கண்காணிப்பு என்று சொன்னேன். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக இன்னொன்றும்: எந்த அறைக் கதவும் முழுப் பலகையாக இருக்க வேண்டாம். தலைமையாசிரியர் அறையானாலும் ஆலோசனை அறையானாலும் கதவில் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கட்டும்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பற்றிப் பேச நமக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. காது கேளாத குழந்தைகளுக்காகப் பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளி தொடங்கிவிட்டார். அது சீர்திருத்தச் சபையினரின் பணி. நம் சபையினர் அதற்குத் தலைவணங்க வேண்டும். இன்றைய சட்டம் இந்தப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்கு ஒதுக்காமல் எல்லோரோடும் சேர்த்துப் படிக்க வைக்கச் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கட்டடத்தையும் அதற்கேற்பக் கட்டச் சொல்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது உங்களுக்குத் தெரியும். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிற தடையற்ற நுழைவு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனிக் கழிப்பறை, குடிநீர், சமையலறை, விளையாட்டிடம் ஆகியவற்றிலிருந்து நம்மை நாமே விடுவித்துக்கொள்ள அந்தத் தீர்ப்பைக் காரணம் காட்டுவது நமக்கு அழகல்ல. அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு தந்த உரிமை நல்ல பள்ளி நடத்துவதற்காகத் தந்தது.

இனி நம் ஆற்றுக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த அரங்கில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஏறக்குறைய 800 பயணிகள். அவர்களில் சுமார் 300 பேரைப் பக்கத்தில் ஒரு பள்ளியில்தான் தங்க வைத்தார்கள். 1992 நவம்பரிலும் தாமிரபரணி இப்படித்தான் ஊருக்குள் வந்தது. அப்போதும் ஜனங்கள் ஓடியது கோவிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான். வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடம் முகாமாகும் என்பது இந்தப் பள்ளத்தாக்கில் எழுதாத விதி. ஆனால் முகாமாகும் என்று தெரிந்தே கட்டிய பள்ளி எத்தனை?

கட்டுவோம் என்றால் என்னென்ன மாறும் என்று பாருங்கள். வெள்ளம் வந்த ஆண்டுகளில் தண்ணீர் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் நின்றது என்று பெரியவர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, தரைமட்டத்தை அதற்கு மேலே வைக்க வேண்டும். மூன்று அடி உயர்த்துகிறோம் என்று வையுங்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. மூன்று அடிக்கு 36 அடி, நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு தட்டையான இடமும் சேர்த்தால் இன்னும் கூடும். இதைக் கட்டடம் முடிந்த பிறகு ஒட்ட வைத்தால் செங்குத்தாக ஒரு சறுக்கு மரம்தான் வரும். பிள்ளை அதில் போக முடியாது. முதல் கோட்டிலேயே வரைந்தால், அந்த 36 அடியே மரநிழலில் வளைந்து வருகிற முதன்மை வழியாகலாம். எல்லாப் பிள்ளைகளும் அதிலேயே நடக்கட்டும். வாக்களிக்க வருகிற பாட்டியும் அதிலேயே வரட்டும். மின்சாரப் பலகையும் ஜெனரேட்டரும் வெள்ள மட்டத்துக்கு மேலே, மாவட்ட நிர்வாகம் கேட்டால் உடனே தரக்கூடிய சாவி, மாடியில் இரண்டு கழிப்பறை, கையடி பம்பு ஒன்று. இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. முன்கூட்டி நினைத்தால் போதும்.

வெயில் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். நம் ஊர் ஏறக்குறைய எட்டே முக்கால் பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்து விழும், மற்ற மாதங்களில் தெற்கே. வடநாட்டு வரைபடத்தைப் பார்த்து வடக்குச் சுவரில் நிழலே தேவையில்லை என்று விட்டால், பள்ளி திறக்கிற ஜூனிலேயே வெயில் உள்ளே வந்துவிடும். இரண்டு பக்கமும் ஆழமான தாழ்வாரம் வேண்டும். கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும். மேற்குச் சுவரில் வகுப்பறை சன்னல் வேண்டாம், அங்கே படிக்கட்டையும் கிடங்கையும் வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து அடிக்கிற காற்று கயத்தாற்றில் காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று. அது புழுதியையும் கொண்டுவரும். வேம்பும் புங்கும் இரண்டு வரிசை மேற்கே நட்டால் புழுதி அங்கேயே தங்கிவிடும், காற்று மட்டும் வரும்.

இதெல்லாம் நம் பழைய கொத்தனார்களுக்குத் தெரிந்ததுதான். நெல்லையின் வளவு வீடுகளைப் பாருங்கள். நடுவில் பொது முற்றம், சுற்றிலும் வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் தார்சா. வெயிலும் மழையும் முற்றத்தோடு நின்றுவிடும். பேச்சும் விளையாட்டும் தார்சாவில் நடக்கும். அந்த முற்றத்தைப் பள்ளிக்குக் கொண்டுவரலாம். சுற்றி வகுப்பறைகள், நடுவில் ஒரு மரம், எந்த வராந்தாவில் நின்றாலும் எல்லாப் பிள்ளைகளும் கண்ணில் படுவார்கள். வளவில் ஒரே சாதியார்தான் குடியிருந்தார்கள் என்பதையும் மறக்காமல், அதன் முற்றத்தை எடுத்துக்கொண்டு அதன் பூட்டை விட்டுவிடுவோம்.

மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில், இயேசு சபையாரின் லயோலா பள்ளி வளாகத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1970-களின் தொடக்கத்தில் கட்டிய சிற்றாலயமும் கலையரங்கும் இருக்கின்றன. ஒரு பேருந்து எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பூச்சில்லாத செங்கல் சுவர், சுவரிலேயே ஓட்டை விட்டு அடுக்கிய செங்கல் சாளரங்கள். காற்று உள்ளே நடமாடும், வெளிச்சம் கண்ணைக் குத்தாது. கம்பியிலும் கண்ணாடியிலும் சேமித்த பணம் வேறு தேவைக்குப் போகும். பேக்கரின் வழியில் நாமும் ஒன்று செய்யலாம். காங்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் இருக்கிற காங்கிரீட் சுமை தாங்குவதில் அதிகம் உதவுவதில்லை. அந்த இடத்தில் கூரை ஓடுகளையோ மண்சட்டிகளையோ கவிழ்த்து வைத்து வார்த்தால் சிமெண்டும் மணலும் குறையும், உள்ளே அடைபட்ட காற்று வெக்கையைக் கொஞ்சம் தடுக்கும். பக்கத்தில் காருகுறிச்சி இருக்கிறது. அங்கே சக்கரம் சுற்றுகிற வேளாரிடம் சில ஆயிரம் சட்டிகளுக்கு முன்பணம் கொடுத்தால் கட்டடத்தின் பணத்தில் ஒரு பங்கு ஊருக்குள்ளேயே தங்கும். கம்பி கட்டுவதைப் பொறியாளர் கணக்குப் போட்டே செய்ய வேண்டும், அதில் சமரசம் கூடாது. மணலைக் குறைப்பதற்கு நமக்குக் கூடுதல் கடமையும் இருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்துக்காரரான தோழர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில்தான் தாமிரபரணியில் மணல் அள்ள உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010-இல் தடை விதித்தது. அந்த ஆற்றின் தண்ணீரைக் குடிக்கிற பிள்ளைகளின் பள்ளியில் திருட்டு மணல் ஒரு சட்டிகூடச் சேரக் கூடாது.

ஆப்பிரிக்காவில் புர்க்கினா ஃபாசோ என்ற நாட்டில் காண்டோ என்றொரு கிராமம். அங்கே பிறந்த பிரான்சிஸ் கெரே, ஊரில் பள்ளி இல்லாததால் சின்ன வயதிலேயே வீட்டை விட்டு வெளியூர் போய்ப் படித்தவர். கட்டடக் கலை படித்துக்கொண்டிருந்தபோதே தன் ஊருக்குத்தான் முதல் பள்ளியைக் கட்டினார். 2001-இல் முடிந்தது. பிள்ளைகள் அடித்தளத்துக்குக் கல் சுமந்தார்கள், பெண்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள், ஊர் மண்ணில் அறுத்த கல்லால் சுவர் எழுந்தது. தகரக் கூரையை அறையின் மேல்தளத்திலிருந்து உயரத் தூக்கி வைத்தார். சூடு இடைவெளியிலேயே வெளியேறிவிடும். 2022-இல் கட்டடக் கலையின் மிக உயர்ந்த பிரிட்ஸ்கர் விருது அவருக்குக் கிடைத்தது. அவர் படம் வரைந்து காட்டியபோது ஊர் மக்களுக்குக் கட்டட வரைபடம் படிக்கத் தெரியாது. மண்ணில் கோடு கீறியும் மாதிரி கட்டிக் காட்டியும்தான் விளக்க வேண்டியிருந்தது. நமக்கும் அந்த வழிதான் பொருந்தும். அதைச் சொல்லித்தான் முடிக்கப் போகிறேன்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறது, கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு. வருகிற பணம் வெளிநாட்டு உபகாரியின் பணமாகவும் இருக்கும், இங்கே பீடி சுற்றுகிறவர் உண்டியலில் போட்ட பணமாகவும் இருக்கும். அந்தப் பணத்தில் முகப்புக்குக் கண்ணாடியும் கிரானைட்டும் பதிப்பதை நான் எதிர்க்கிறேன். சாலையிலிருந்து பார்க்கிறவருக்குக் காட்டவே அது பயன்படும். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் வெக்கை அடைந்து, ஏசி போட்டு, அதற்குக் கட்டணம் உயர்ந்து, கடைசியில் எந்தப் பிள்ளைக்காகப் பள்ளி தொடங்கினோமோ அந்தப் பிள்ளை வெளியே நிற்கும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கல்வி பற்றி வெளியிட்ட ஏடு, ஏழைகளுக்கும் குடும்ப ஆதரவற்றவர்களுக்கும் கத்தோலிக்கப் பள்ளி தனிக் கவனம் காட்ட வேண்டும் என்று கேட்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய லவுதாத்தோ சீ மடலில், கட்டடத்தின் அழகு மட்டும் போதாது, அங்கே வாழ்கிறவர்களின் வாழ்வு நலமாக வேண்டும், அதற்கு அவர்களின் பார்வையைக் கேட்க வேண்டும் என்ற கருத்தை வைக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் நம் கட்டடக் குழு என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிடும். பணம் போதவில்லையா, ஒரு தளத்தை மட்டும் இப்போது கட்டுங்கள். கழிப்பறை, சமையலறை, மாலைக் கூடம் மூன்றும் முதல் கட்டத்திலேயே வரட்டும். அலுவலகமும் மேடையும் காத்திருக்கலாம்.

இனி என் வேண்டுகோள். அடிக்கல் மந்திரிப்புக்குத் தேதி குறித்திருக்கிறீர்கள். அதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். பங்கின் சிறு குழுக்களான அன்பியங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு மாலை இதைப் பற்றி மட்டும் பேசுங்கள். அன்பியத்துக்கு வராத வீடுகளுக்கும், இந்து, இஸ்லாமியக் குடும்பங்களின் தெருக்களுக்கும் நடந்து போய்க் கேளுங்கள். பிள்ளைகள் இந்தப் பள்ளியில் எந்த இடத்தில் நிற்கப் பயப்படுகிறார்கள் என்பதைப் பெயர் எழுதாத துண்டுத்தாளில் எழுதி வாங்குங்கள். மூன்றாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் விளையாட்டு மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் வரைபடத்தைக் கீறுங்கள். இது வகுப்பறை, இது சமையலறை, இது வாசல் என்று ஊரே அதன் மேல் நடந்து பார்க்கட்டும். ஆயாம்மா அண்டாவைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்க்கட்டும். நடக்க முடியாத பிள்ளையை நாற்காலியில் வைத்துத் தள்ளிப் பார்க்கட்டும். எங்கே இடிக்கிறது என்று அவர்கள் சொல்கிற இடத்திலெல்லாம் கோட்டை அழித்து மாற்றிப் போடுங்கள். அதன் பிறகு பொறியாளர் கையெழுத்துப் போடட்டும், ஆயர் வந்து கல்லை மந்திரிக்கட்டும். ஒரு மாதம் தாமதமாகும், அவ்வளவுதான். அந்த ஒரு மாதத்தைக் கொடுங்கள் என்று உங்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.